பருத்திச் சேலையோடு பனிமலைக்கு

விருதுநகர் மாவட்டத்துக்காரிக்குக் குளிர் என்றால், மார்கழி விடியலில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வது. வெயில் ஏறினால் துண்டு இறங்கிவிடும். இந்த அனுபவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பொங்கல் முடிந்த கையோடு ஜப்பானில் ஒரு பனிச்சறுக்கு மலைக்குக் கிளம்பினேன். "அக்கா, அங்கன ஆளு உசரத்துக்குப் பனி கெடக்குமாம்ல, பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றார்கள் கம்பெனிப் பிள்ளைகள். "கெடந்தா கெடக்கட்டும், நம்மளக் கடிக்கவா போகுது?" என்றேன். கடித்தது.

ஊர் சுற்றிப் பார்க்கவா போனேன்? மாப்பிள்ளை பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன்.

நான் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். என் ஒரே மகள் மகேசு ஜப்பான் மொழி படித்து, அங்கே மலைமேல் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்குப் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ம்மா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. இங்கத்து ஆளுதான்" என்றாள்.

"என்ன சோலி பாக்கான்?"

"சறுக்கி விளையாட வர்றவுக யாராச்சும் மலையில விழுந்துட்டா, இவரு சறுக்கிக்கிட்டே போயித் தூக்கிட்டு வருவாரும்மா."

தூக்கிட்டு வருவது என் காதில் விழவே இல்லை. சறுக்கிக்கிட்டே போவது மட்டும்தான் விழுந்தது. காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து பாய்கிறவனுக்கா என் பிள்ளையைக் கொடுப்பேன்?

இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தொழிலில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற வெடிமருந்து. மருந்து இருக்கும் அறைக்குள் நுழையும் முன், வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, பருத்திதான். என் வீட்டுக்காரரும் இதே தொழில். ஒருநாள் காலையில் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். திரும்பப் போகும்போது தொடவில்லை. அறையில் அவர் மட்டும் இருந்தது ஊர் செய்த புண்ணியம். இடது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

அதன் பிறகு வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாரிடமும் அவர் ஒன்றைச் சொல்வார். "மொதத் தடவை எல்லாப் பயலும் தொடுவான். ரெண்டாந் தடவையும் தொடுறவன்தான் ஆளு."

மகேசு விஷயம் கேட்டதும் அவர் கத்தவில்லை. "எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன? மாரி, பய அவசரக்காரனா இருக்கக் கூடாது. நீ போயிப் பாரு. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து மகளிடம் போனில் "சாப்ட்டியா தாயி?" என்று கேட்பார், போனை என்னிடம் நீட்டிவிடுவார். பையனின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மகேசு எனக்குச் சொல்லியிருந்தாள். நானும் அதை வாயில் எடுக்கவில்லை. பெயரைச் சொல்லிப் பழகிவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

மகேசுவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "நீ வேண்டாம்னா நான் கட்டிக்கிட மாட்டேன்மா. ஆனா வந்து பாத்துட்டுச் சொல்லு." இந்தச் சுமையோடுதான் விமானம் ஏறப் போனேன்.

ஏறுவதற்கு முன்பே ஒரு கூத்து. விமான நிலையத்தில் என் பையை ஒரு சின்னக் காகிதத்தால் துடைத்து ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். பெட்டி கூவியது. வேறு காகிதம் எடுத்து என் உள்ளங்கையைத் துடைத்தார்கள். அதற்கும் கூவியது. துப்பாக்கிக்காரர் ஒருவர் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார். பெரிய அதிகாரி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"சிவகாசிப் பக்கம்."

"அதானே பார்த்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "சீயக்காய் போட்டுக் குளிச்சாலும் போகாதே உங்க ஊரு மருந்து வாசம்." பையில் இருந்த காரச்சேவு, பருப்புப் பொடி, பால்கோவா எல்லாவற்றையும் கடை பரப்புகிற மாதிரி பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். பால்கோவாவை மட்டும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

டோக்கியோவில் மகேசு வந்து நின்றாள். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, உடனே சண்டையை ஆரம்பித்தாள். அவள் கையில் உப்பலாக ஒரு நைலான் ஜாக்கெட்.

"போட்டுக்கோம்மா."

"நைலானா? தூரப் போடு."

"இது கம்பெனி இல்லம்மா. குளிருக்கு இதான் போடணும்."

"ரெண்டு பருத்தி ரவிக்கை போட்டிருக்கேன், மேல சென்னிமலைப் போர்வை இருக்கு. இதுக்கு மேல என்ன குளிரு?"

அவள் ஜாக்கெட்டை மடித்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். நானும் விறைப்பாக முன்னே நடந்தேன்.

மறுநாள் ரயிலில் மலையை நோக்கிப் போனோம். சாப்பாட்டுக்கு முக்கோணமாகப் பிடித்து, கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை வாங்கித் தந்தாள். உப்பு இருக்கிறது, உறைப்பு இல்லை. உருண்டையைப் பிளந்து பருப்புப் பொடி வைத்து மூடினேன். இனி அந்த நாட்டுக்கே அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் போடலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பிச் சொன்ன நேரத்துக்கு நிற்கிற ரயில். எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் வரும் நேரத்தைக் கேட்டால், 'வரும்போது வரும்' என்கிறவர்களோடு வளர்ந்தவளுக்கு அது ஒரு மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

பிறகு மாறி ஏறியது இரண்டே பெட்டி உள்ள சின்ன ரயில். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான் எங்களுக்கு இடம். அந்த மனிதர் ஒவ்வொரு சிக்னலுக்கும் வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, தன்னந்தனியாக ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டார்.

"ஏத்தா, இவருக்கு ஏதும் புத்தி சரியில்லையா?"

"கண்ணால பாத்தத வாயாலயும் சொன்னா தப்பு வராதாம்மா. இங்க எல்லா டிரைவரும் இப்படித்தான்."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. எங்கள் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய், மருந்து நிறுக்கிற பயல்கள் முன்னால் ஒரு வாரம் உட்கார வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பனி. ஜன்னலுக்கு வெளியே வயலும் இல்லை, வீடும் இல்லை, ஒரே வெள்ளை. சுண்ணாம்பு மூட்டையை யாரோ வானத்திலிருந்து அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. அறிவிப்பு வந்தது. எல்லாரும் முணுமுணுக்காமல் இறங்கினார்கள். முன்னால் தண்டவாளம் மூடிவிட்டதாம், இனி எப்போது போகும் என்று தெரியாதாம். மகேசு போன் பேசினாள். "இவரு கார் எடுத்துட்டு வர்றாராம்மா."

"எந்த இவரு?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

ஸ்டேஷன் முன்னால் பாதை கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. "ம்மா, பாத்து, வழுக்கும்" என்று என் கையைப் பிடிக்க வந்த மகேசு, வந்த வேகத்தில் பொத்தென்று விழுந்தாள். நான் விழவில்லை. மருந்து அறையில் காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. பாதத்தை முழுசாகத் தூக்கி முழுசாக வைக்க வேண்டும். அந்த நடையிலேயே காத்திருப்பு அறை வாசலுக்கு ஜம்மென்று போய்ச் சேர்ந்தேன். ஆனால் சேலைக் கரை பனியில் நனைந்து, கொஞ்ச நேரத்தில் கஞ்சி போட்டு வெயிலில் காய வைத்த மாதிரி விறைத்துக்கொண்டது. பருத்தி தண்ணீரைக் குடித்தால் விடாது. எங்கள் ஊரில் உயிரைக் காப்பாற்றுகிற பருத்தி, இங்கே உயிரை எடுக்கப் பார்த்தது. பல் தந்தி அடித்தது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இப்பப் போடுறியா?" என்றாள் மகேசு. வாய் பேசாமல் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். தோற்றுப்போனால் பேசக் கூடாது.

அவள் மெஷினில் சூடாக ஏதோ வாங்கி வருகிறேன் என்று போனாள். மெஷினில் காசு போட்டால் சுடச்சுட டீ டப்பா விழுகிற நாடு அது. நான் காத்திருப்பு அறைக்குள் போனேன். நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது, மேலே கெண்டி. பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். நெருப்பு இருக்கிற அறையில் உள்ளே தள்ளிப் போய் நிற்க எனக்குத் தெரியாது.

நான் நடுங்குவதைப் பார்த்து ஒரு வயதான அம்மா எழுந்து வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து நன்றாகக் குலுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மூடிவிட்டுச் சிரித்தார். உள்ளே ஏதோ தூள். சரி, ஏதோ வாசனைப் பொடி போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன்.

பொட்டலம் சூடாக ஆரம்பித்தது.

நெருப்பில்லாமல், தானாக, என் கைக்குள்ளேயே சூடாகிறது! ஈரம் பட்ட மருந்து இப்படித்தான் சூடேறும். சூடேறினால் அடுத்தது என்ன என்று எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று தமிழில் கத்தினேன். கதவைத் தள்ளித் திறந்து பொட்டலத்தை என் பலம் கொண்ட மட்டும் பனிக்குள் வீசினேன். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

ஜப்பான்காரர்களைப் பாராட்ட வேண்டும். ஏன் எதற்கு என்று ஒருவர் கேட்கவில்லை. நிலநடுக்கம் பழகிய ஜனம். எல்லாரும் எழுந்தார்கள், தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக வெளியே வந்தார்கள், கொட்டுகிற பனியில் அமைதியாக நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை.

இரண்டு டீ டப்பாவோடு வந்த மகேசு இந்த ஊர்வலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதே நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஆரஞ்சு உடையில் நெட்டையாக ஒரு பையன் இறங்கினான். முப்பது வயது இருக்கலாம். வெளியே நிற்கிறவர்களை ஒருதரம் விரலால் எண்ணினான். யாரிடமோ ஒரு வார்த்தை கேட்டான். உள்ளே போய் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தான். அதன் பிறகுதான் என் முன்னால் வந்து இடுப்புவரை குனிந்து கும்பிட்டான். நான் இன்னும் அந்த அம்மாவின் கையை விடவில்லை.

"ம்மா, என்ன செஞ்ச நீயி?"

சொன்னேன். மகேசுவின் முகம் கோவைப்பழமாகிவிட்டது. "அது குளிருக்குக் கையச் சூடாக்குற பொட்டலம்மா! உள்ள இரும்புத்தூளு. காத்துப் பட்டாச் சூடாகும். இங்க எல்லாரும் பையில வச்சிருப்பாக."

"தூளு தானாச் சூடானா ஓடணும்னு உங்க அப்பா உனக்குச் சொல்லித் தரலையா?"

அவள் எல்லாருக்கும் விளக்கினாள். பட்டாசு என்ற சொல்லைக் கேட்டதும் "ஓ!" என்று பெரிய சத்தம் எழுந்தது. அந்த அம்மா என் கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். மகேசு தமிழில் சொன்னாள். "'இவங்க தான் மட்டும் ஓடல, என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் ஓடினாங்க'ன்னு சொல்றாகம்மா." பையைத் திறந்து எல்லாருக்கும் காரச்சேவு கொடுத்தேன். அந்த அம்மா இருமி, கண்ணீர் விட்டு, மறுபடியும் கை நீட்டினார்.

பையன் காரைக் கிளப்பவே ஒரு யுகம் ஆக்கினான். கூரைமேல் இருந்த பனியை ஒரு தூரிகையால் தள்ளினான். முன்விளக்கைத் துடைத்தான், பின்விளக்கைத் துடைத்தான், நம்பர் பலகையையும் விடவில்லை. பின் இருக்கையில் நான் பெல்ட் போட்டுவிட்டேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினான். பாதை எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. சாலையோரத்தைக் காட்ட மேலே கம்பங்களில் அம்புக்குறிகள் தொங்கின. அதை வைத்துத்தான் ஓட்டினான். எங்கள் ஊர் மாட்டுவண்டி அவனை முந்தியிருக்கும்.

"எப்படிம்மா?" என்றாள் மகேசு, முன் இருக்கையிலிருந்து திரும்பி.

"மாமியா முன்னாடி எல்லாப் பயலும் மெதுவாத்தான் ஓட்டுவான்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கும் சங்கடம்தான். ஆனால் நான் சொன்னதில் என்ன தப்பு? பெண் பார்க்க வரும் அன்றைக்கு எவன் வெற்றிலை எச்சிலைத் துப்புகிறான்?

மலை ஏறும் முன் கடைசி பெட்ரோல் பங்க். வேலைக்கு ஆள் கிடையாது, நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். மகேசு கழிப்பறைக்குப் போனாள். நான் அசைவில்லாமல் உட்கார்ந்திருந்ததால் தூங்குகிறேன் என்று பையன் நினைத்துவிட்டான் போல, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினான். கண்ணாடி முழுக்க ஆவி. முந்தானையால் கொஞ்சம் துடைத்துப் பார்த்தேன்.

அந்தக் குளிரில் அவன் வலது கைக் கையுறையைக் கழற்றினான். பம்பில் கறுப்பாக ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது. அதில் வெறும் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அப்புறம்தான் பெட்ரோல் மூடிப் பக்கம் கை போனது.

எம். புதுப்பட்டியில் ஒவ்வொரு அறை வாசலிலும் இருக்கிறதே, அதேதான்.

இருடி மாரி, மொதத் தடவை எல்லாப் பயலும் தொடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூடியைத் திறக்கப் போனவன் நின்றான். சட்டைப் பையைத் தடவினான். கார்டை மறந்துவிட்டான். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தான், இருக்கையில் முழங்கால் ஊன்றி உள்ளே குனிந்து தேடினான். நைலான் உடை இருக்கை உறையில் சரக் சரக் என்று உரசியது. மறுபடியும் உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கும். நான் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. கண்ணை முக்கால் மூடிக்கொண்டேன். கார்டை எடுத்துக்கொண்டு போனான். பனி சாய்வாக அவன் முகத்தில் அடித்தது. அந்தக் குளிரில் யாராக இருந்தாலும் சட்டென்று முடித்துவிட்டு ஓடி வரத்தான் பார்ப்பார்கள்.

பம்ப் முன்னால் நின்றான். கார்டைப் போட்டான். கையுறையைக் கழற்றினான். தகட்டில் கையை வைத்தான். அழுத்தி, ஒரு நொடி அப்படியே நின்றான்.

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. பாதத்தை முழுசாகத் தூக்கி முழுசாக வைத்து அவன் பக்கத்தில் போனேன். நானும் இப்போது நைலானில்தானே இருக்கிறேன்! வெறுங்கையால் அந்தத் தகட்டைத் தொட்டேன். ஜில்லென்று எலும்புவரை ஏறியது. பையன் திகைத்துப் பார்த்தான். பிறகு, இனி உங்கள் முறை என்கிற மாதிரி ஒரு அடி தள்ளி நின்று தலை குனிந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்த மகேசு பதறிவிட்டாள். "ஏம்மா அழுற? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அப்பாவுக்குப் போன் போடு. இப்பவே."

காருக்குள் உட்கார்ந்து போட்டு என்னிடம் தந்தாள். ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம். என் வீட்டுக்காரர் எடுத்ததும், "ரெண்டு பேரும் பத்திரமாப் போய்ச் சேந்துட்டீகளா?" என்றார்.

"இன்னும் சேரல. பாதி வழியில நிக்கோம். இங்க பெட்ரோல் பிடிக்கிறதுக்கு முன்னாடி தகட்டத் தொடணுமாம். அவன் தொட்டான். கையுறையக் கழட்டிட்டுத் தொட்டான். நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டுத் தொட்டான்."

அந்தப் பக்கம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"நடுவுல எங்கயும் போனானா?" என்று கேட்டார்.

"போனான். கார்டு எடுக்க வண்டிக்கு வந்தான்."

"திரும்பப் போயி?"

"தொட்டான்."

அவர் மூச்சை இழுத்து விட்டது இங்கே மலையடிவாரத்தில் கேட்டது. மகேசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரோலைப் பிடித்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்த பையன், ஏதோ நடக்கிறது என்று புரிந்து சாவியைத் திருப்பாமல் காத்திருந்தான்.

"மாரி, போனப் பிள்ளைட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன். "சாப்ட்டியா"வுக்கு அப்புறம் போனை என்னிடம் நீட்ட அவர் பக்கத்தில் நான் இல்லை. அவராகத்தான் பேசியாக வேண்டும். மகேசு "ம்" என்றாள், "ம்ப்பா" என்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் பயந்து போனேன்.

"என்னத்தா சொல்றாரு உங்கப்பா?"

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மாப்பிள்ள பேரு என்னன்னு கேக்காரும்மா."

போனை அவளிடமிருந்து வாங்கி, நானே சொன்னேன். "தகாஷி."